என் மனைவியின் சின்முத்திரை

என் மனைவியின் வலக்கைச் சுட்டுவிரலைக் கண்டு நான் நெடுங்காலம் பொறாமை கொண்டிருந்தேன். அவ்விரலில் அழகு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. தேங்காய் துருவிய வடுக்களும், அடுப்புச் சூடு பட்டுக் கறுத்த ஒரு தழும்பும், ஓரத்தில் வெடித்த நகமும் கொண்ட விரல் அது. ஆயினும், கண்டியில் ஒரு கோயிலின் பின்புறத்து மாடியறையில், ஞாயிறு மாலைதோறும் அது பெருவிரல் நுனியைத் தொட்டு வட்டமாகி அமர்ந்துவிட்டால் அரை மணி நேரம் அசையாது. என் விரல் அசையும். விஷயம் இவ்வளவுதான். இதற்கு இத்தனை தாள் வேண்டுமா என்று கேட்பவர்கள், ஒரே கூரையின் கீழ் வாழும் இருவருள் ஒருவருக்கு மட்டும் ஒன்று கிட்டிவிட்ட வீட்டில் வாழ்ந்து பார்க்காதவர்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் பயின்றவன் அல்லன். மீசை அரும்புமுன்னரே கண்டி நகரின் கொழும்பு வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு வேலைக்கு வந்து, துணி மடிக்கவும், யார்க்கோல் என்னும் கெஜக்கோல் பிடித்து அளக்கவும், வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பேசவும் கற்றேன். மற்றவை யாவும் நூல் நிலையத்தில் நானாகத் தேடிக்கொண்டவை. பத்திரிகைகளின் ஆசிரியத் தலையங்கங்களைப் பார்த்து எழுதி எழுதியே என் வசன நடை அமைந்தது. யோகத்தைப் பற்றி அந்நாளில் தமிழில் கிடைத்த நூல்களுள் பெரும்பாலானவற்றை நான் படித்திருந்தேன் என்று துணிந்து சொல்வேன். பதுமாசனத்தில் எந்தக் கால் மேலே வரவேண்டும், மூச்சை எங்கே நிறுத்த வேண்டும், எந்த முத்திரைக்கு என்ன பயன் என்பனவெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஆகவே, எழுபதுகளின் முற்பகுதியில், மக்கள் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற அக்காலத்தில், கோயிலின் மாடியில் தியான வகுப்பு ஒன்று தொடங்கியபோது முதல் நாளே போய் முன்வரிசையில் அமர்ந்தேன். வகுப்பை நடத்தியவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். புகையிரத நிலைய அதிபராக, அதாவது ஸ்டேஷன் மாஸ்டராக, இருந்து ஓய்வு பெற்றவர். எனவே எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தோம். ஒல்லியான உடம்பு, சலவை வேட்டி, நேரம் பிசகினால் முகம் சிவக்கும். ஐந்தரை மணிக்கு வகுப்பென்றால் ஐந்தரைக்குக் கதவைச் சாத்திவிடுவார். பிந்தி வந்தவர் கதவைத் தட்டினால், "கோச்சி போட்டுது தம்பி, அடுத்த கிழமை வாரும்," என்று, ரயில் போய்விட்டதைச் சொல்வது போலவே, உள்ளிருந்தே சொல்வார்.

மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். பேச வேண்டிய இடங்களில் என்னைப் பேச விட்டார். சின்முத்திரையின் தத்துவத்தைக் கரும்பலகையில் எழுதி விளக்கியவன் நானே. சுட்டுவிரல் உயிர், பெருவிரல் இறைவன், எஞ்சிய மூன்று விரல்களும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்கள். உயிரானது மலங்களை விட்டு விலகி வளைந்து இறைவனைச் சேர்கின்றது. அதனையே கை காட்டுகின்றது. இதை நான் சொல்லி முடித்தபோது அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த இரண்டு எழுதுவினைஞர்கள் தலையசைத்ததை இன்றும் மறக்கவில்லை.

என் மனைவியை நான் அங்கே அழைத்துச் சென்றதற்குக் காரணமும் அந்தத் தலையசைப்பே. கடையில் முதலாளி என்னை ஏசுவதை அவள் ஓரிரு முறை கேட்டிருந்தாள். நான் மதிக்கப்படுகின்ற இடமும் ஒன்று உண்டு என்பதை அவள் காண வேண்டும் என்று விரும்பினேன். நாங்கள் அப்போது பிலிமத்தலாவையில் வாடகை வீட்டில் இருந்தோம். கண்டிக்குப் போகும் பஸ்ஸில், அவள் கையை என் மடியில் வைத்து, விரலை வளைத்து, முத்திரை எவ்வாறு பிடிப்பதென்று நானே காட்டிக்கொடுத்தேன். மும்மலங்களையும் விளக்கினேன்.

"அந்த மூணு விரலும் அப்படி என்ன பாவம் செஞ்சுச்சுங்க?" என்று கேட்டாள். "சோறு அள்ளுறப்ப மட்டும் அஞ்சும் வேணும். சாமிகிட்ட போறப்ப மூணு வேண்டாமாக்கும்."

"இது தத்துவம். உனக்குப் புரியாது."

"சரி, புரியாமலே வச்சுக்கிறேன்," என்று விரலை வளைத்தபடியே ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அன்று பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் அவள் அமர்ந்தாள். மாஸ்டர் கண்ணை மூடச் சொன்னார். நான் மூடினேன். முதலில் முழங்கால் வலித்தது. பின்னர் முதலாளியின் குரல் கேட்டது. பின்னர் வியாழக்கிழமை வரவேண்டிய 'வாயில்' என்னும் மெல்லிய துணி மூட்டை நினைவுக்கு வந்தது. அதற்குள் என் அருகே யாரோ வந்து நிற்பது தெரிந்தது.

"தம்பி," என்றார் மாஸ்டர் தாழ்ந்த குரலில், "என்ன துணி பாக்கிறீர்? சீத்தையோ, பொப்ளினோ?"

கண்ணைத் திறந்து பார்த்தேன். என் பெருவிரல் சுட்டுவிரலை உரசிக்கொண்டிருந்தது. புடைவைக் கடையில் நின்றவர்களுக்கு இது விளங்கும். துணியின் ஓரத்தை இரு விரல்களுக்கிடையில் வைத்து உரசினால்தான் அதன் இழையும், கஞ்சியும், நீடித்த உழைப்பும் தெரியும். இருபது ஆண்டுகளாக என் விரல்கள் ஒன்றையொன்று தொட்ட போதெல்லாம் அவற்றினிடையே துணி இருந்தது. துணி இல்லாவிடினும் அவை துணியைத் தேடின. உயிர் இறைவனைச் சேர்ந்த அந்த இடத்தில் என் உயிர் இறைவனின் தரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தது என்று எழுதுவது சிரிப்பாகலாம். ஆனால் அன்று அறையில் எழுந்த சிரிப்பை நான் ரசிக்கவில்லை. அதில் என் மனைவியின் சிரிப்பும் இருந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. நான் அவமானப்பட்டதை அவள் காணவில்லை என்று முதலில் ஆறுதலடைந்தேன். அடுத்த கணமே, எல்லோரும் சிரிக்கும்போது இவள் மட்டும் ஏன் கண்ணைத் திறக்கவில்லை என்ற கேள்வி எழுந்தது. என் பொறாமை பிறந்தது அந்தக் கணத்தில்தான்.

மாஸ்டர் என் குறையைத் திருத்த ஒரு வழி கண்டார். அடுத்த ஞாயிறு கோயில் முற்றத்து நந்தியாவட்டைப் பூக்களைப் பறித்து வந்து, ஒவ்வொருவர் விரலிடையிலும் ஓர் இதழை வைத்தார். "நசிக்கவுங் கூடாது, விழவுங் கூடாது," என்றார். "அவ்வளவுதான் சின்முத்திரை. மிச்சத்தைத் தம்பி உங்களுக்குப் பலகையில எழுதிக் காட்டியிருக்கிறார்." அரை மணி கழிந்து எல்லோர் கையையும் பார்த்து வந்தார். சிலருடைய இதழ் தரையில் விழுந்து கிடந்தது. சிலருடையது ஓரம் கன்றியிருந்தது. என்னுடையது இதழாகவே இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு பிசுக்காய் விரலில் ஒட்டியிருந்தது. கடைசி வரிசையில் என் மனைவியின் கையருகே வந்த மாஸ்டர் குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"எல்லாரும் ஒருக்கா இங்க வாருங்கோ," என்றார்.

நாங்கள் போய்ப் பார்த்தோம். இதழ் செடியில் இருந்தவாறே இருந்தது. அவள் வெட்கத்தால் முந்தானையைத் தோளின்மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். "நான் ஒண்ணும் பண்ணலைங்க. வச்சபடி வச்சிருந்தேன்," என்றாள்.

"அதைத்தானே பிள்ளை செய்யச் சொன்னனான்," என்றார் மாஸ்டர்.

அன்று வீட்டுக்கு வந்து அவள் அடுப்பு மூட்டும்போது நான் கேட்டேன்: "கண்ண மூடினதும் உனக்கு என்ன வருது?"

"என்ன வருது?"

"ஏதாவது வெளிச்சம், சத்தம், உருவம்? புத்தகத்துல சொல்லியிருக்கு."

அவள் ஊதுகுழலை எடுத்து ஊதி, புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிறிது நேரம் யோசித்தாள். "தெரியலைங்க. நல்லா இருக்கு," என்றாள். "பருப்புல உப்புப் போட்டேனா இல்லையா, நீங்க பாத்தீங்களா?"

'நல்லா இருக்கு' என்னும் அந்த ஒரு சொல் என்னைப் பாடாய்ப் படுத்தியது. எங்கள் வீட்டில் இருந்தவை இரண்டே அறைகள். அவற்றில் எனக்குத் தெரியாத மூலை இல்லை. ஆனால் மூன்றாவதாக ஓர் அறை அவளுக்குள் இருப்பதாகவும், கண்ணை மூடியதும் அவள் அதனுள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதாகவும், நான் வெளியே படியில் செருப்புகளோடு அமர்ந்திருப்பதாகவும் எனக்குத் தோன்றலாயிற்று. வேறோர் ஆடவனிடம் அவள் மனம் சென்றிருந்தால் சண்டையிட்டிருக்கலாம். அவனை நாலு பேரிடம் குறை சொல்லியிருக்கலாம். இங்கே சண்டையிட யார் இருக்கிறார்கள்? அவளுக்கு அந்தக் கதவைக் காட்டிக்கொடுத்தவனும் நானே அல்லவா?

எனவே பயிற்சியை அதிகப்படுத்தினேன். கடையில் வாடிக்கையாளர் இல்லாத வேளைகளில், மேசைக்குப் பின்னால் நின்றவாறே முத்திரை பிடித்துக் கண்ணைப் பாதி மூடி நிற்பேன். அவ்வாறு நின்ற ஒரு நாள், அக்குறணையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், எங்கள் நெடுநாள் வாடிக்கையாளர், உள்ளே வந்து என் கையைப் பார்த்தார்.

"மூணு யார் காணாது தம்பி," என்றார். "மகள் இப்ப வளந்துட்டா. நாலா வெட்டுங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே ஹாஜியார்?"

"வாய் சொல்லல்ல. கை மூணு விரல நீட்டிக்கிட்டு நிக்குதே!"

நான் விஷயத்தை விளக்கினேன். அவர் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல காரியந்தான். ஆனா கடையிலயா தியானம்?" என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அப்ப மொதலாளி சம்பளம் குடுக்கிறது ஒங்களுக்கா, ஒங்கட விரலுக்கா?" என்று கேட்டு, தாமே சிரித்துத் தாமே இருமினார். நான் நாலு யார் அளந்து வெட்டினேன். வெட்டுமுன் துணியை உரசிப் பார்த்தேன். அந்த உரசலில் என் விரல்கள் அடைந்த நிம்மதியை எந்தத் தியானத்திலும் அவை அடைந்ததில்லை.

இதே காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு காலை வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, அக்காவுக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா? பாண் கியூவுல நின்னுக்கிட்டே தூங்குறாங்க. ஆனா முன்னுக்கு உள்ளவங்க நகர்ந்தா சரியா அவங்களும் நகர்றாங்க. எங்களுக்குத்தான் பயமா இருக்கு, விழுந்துருவாங்களோன்னு."

நான் உள்ளே போய்க் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "ஆமாங்க. சும்மாதானே நிக்கிறது. முந்தானைக்குள்ள கைய வச்சுக்கிட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்," என்றாள். விடியுமுன் எழுந்து, குளிரில், ஏச்சும் இடியுமாய் நகரும் அந்த வரிசையிலும் அவளுக்கு அது கிட்டியிருக்கிறது. எனக்கோ, பாயும் விளக்கும் ஊதுவத்தியும் இருந்தும் கிட்டவில்லை. அன்று அவள் வாங்கி வந்த பாணை நான் தொடவில்லை. காரணம் கேட்டபோது வயிறு சரியில்லை என்றேன்.

மழை குறையத் தொடங்கிய மாதத்தில், மாஸ்டர் தாம் யாழ்ப்பாணத்திற்குத் திரும்பப் போவதாகச் சொன்னார். மூட்டுவலிக்குக் கண்டிக் குளிர் ஒத்துவரவில்லையாம். மகள் வீட்டுக்கு வரச்சொல்லிவிட்டாளாம். "வகுப்பு நிக்கக் கூடாது," என்றார். "எனக்குப் பிறகு ஆர் முன்னுக்கு இருக்கிறதெண்டு வாற ஞாயிறு சொல்லுறன்."

அந்த வாரம் முழுவதும் என் நெஞ்சில் வேறு எதுவும் இல்லை. வகுப்பில் இருந்தவர்கள் அனைவருள்ளும் நூல்களைக் கற்றவன் நானே. பலகையில் எழுதியவன் நான். பாய்களை விரித்து மடித்தவன் நான். கோயில் நிருவாகத்தாரிடம் பேசி மின்விளக்குப் போடுவித்தவனும் நான். ஓர் இதழ் நசுங்கியதால் இவையெல்லாம் இல்லையென்று ஆகிவிடுமா? கடையில் யார்க்கோலைப் பிடித்துக்கொண்டே முதல் நாள் ஆற்றவேண்டிய உரையை மனத்துள் அமைத்தேன். வெள்ளை வேட்டி ஒன்றும் சலவைக்குக் கொடுத்து வைத்தேன்.

ஞாயிறு வந்தது. தியானம் முடிந்ததும் மாஸ்டர் எழுந்து, எங்கள் வரிசைகளைத் தாண்டி நடந்து, பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் போய் நின்றார்.

"பிள்ளை, இனி நீர் முன்னுக்கு இரும்," என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாயின் ஓலைப் பின்னலில் ஓர் ஓரம் பிரிந்திருந்தது. அதைப் பற்றி அன்று யோசித்த அளவுக்கு வேறெந்தப் பாயைப் பற்றியும் நான் யோசித்ததில்லை. அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஐயோ, நான் வேணாங்க ஐயா," என்ற என் மனைவியின் குரல் கேட்டது. "அவங்க இருக்கட்டும். அவங்கதான் படிச்சவங்க, நல்லா பேசுவாங்க."

"பேசுறதுக்கு வகுப்பில்லையே பிள்ளை."

"இருந்தாலும் அவங்க இருக்கட்டும்."

மாஸ்டர் அவளை வெகுநேரம் பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"யோசிச்சுத்தாங்க சொல்றேன்."

"அப்ப சரி," என்று அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர்தான்."

எல்லோரும் எழுந்து என்னை வாழ்த்தினார்கள். எழுதுவினைஞர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் விரும்பியது எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் விரும்பிய முறையில் கிடைக்கவில்லை. என் மனைவி தன் தட்டிலிருந்து எடுத்து என் தட்டில் வைத்த பங்காகவே கிடைத்தது. வீட்டில் மீன் பொரித்தால் நடுத்துண்டை எனக்கு வைத்துவிட்டு வாலை எடுத்துக்கொள்பவள் அவள். அதைப் போலவே இதையும் செய்தாள் என்று எண்ணி, அவள் முகத்தைப் பார்க்காமல் பாய்களைச் சுருட்டலானேன். அது நன்றியால் என்று நான் பொய் எழுதப் போவதில்லை.

பயணப்படுமுன் மாஸ்டர் என்னைத் தனியே அழைத்து ஒரே ஒரு விதியைச் சொன்னார். "முன்னுக்கு இருக்கிறவன் கண்ணை மூடக் கூடாது. எல்லாற்றை கையையும் பாத்துக்கொண்டு இருக்க வேணும். ஆரும் மயங்கி விழுந்தால், ஆரும் அழுதால், ஆரின்ரையும் முதுகு வளைஞ்சால் அதெல்லாம் உம்மட வேலை. நேரம் வந்தால் 'போதும்' எண்டு சொல்ல வேணும். கண்ணை மூடினால் நேரம் தெரியாது."

"அப்ப நான் தியானம் பண்றது எப்ப மாஸ்டர்?"

அவர் சிரித்தார். "தம்பி, நான் முப்பது வருஷம் கோச்சிக்குப் பச்சைக் கொடி காட்டினனான். ஸ்டேஷன் மாஸ்டர் கோச்சியில ஏறிப் போறதில்லை."

முதல் ஞாயிறு நான் சலவை வேட்டி கட்டி முன்னால் அமர்ந்தேன். உரையாற்றினேன், நன்றாகவே ஆற்றினேன் என்று சொன்னார்கள். பின்னர் எல்லோரும் கண்ணை மூடினார்கள். அறை முழுவதும் மூடிய முகங்கள். நான் ஒருவன் மட்டும் திறந்த கண்களோடு இருந்தேன். கீழே கோயிலில் மணி அடித்தது. ஏரிப் பக்கமிருந்து மாலை மேளச்சத்தம் வந்தது. மரங்களில் காகங்கள் அடங்கின. கடைசி வரிசையில் என் மனைவி அமர்ந்திருந்தாள். முன்பு நானும் கண்ணை மூடியிருந்ததால் அவள் எவ்வாறு இருப்பாள் என்று முழுதாகப் பார்த்ததில்லை. இப்போது ஞாயிறுதோறும் அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே என் கடமையாயிற்று. அவள் நெற்றியில் சுருக்கம் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. வீட்டில் என்னோடு பேசும்போது அந்த முகத்தை நான் கண்டதே இல்லை.

சில வாரங்கள் கழிந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவளிடம் கேட்டேன். "முன்னால இருக்கிறவங்க கண்ண மூடக் கூடாதாம். உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே."

"மாஸ்டர் உன்கிட்ட சொன்னாரா?"

"சொல்லணுமா? அவர் கண்ண மூடி நான் பாத்ததே இல்ல. எப்ப தொறந்தாலும் அவர் எங்கள பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு. பாவம்."

"அப்ப நீ வேணாம்னு சொன்னது அதுக்குத்தானா? எனக்காக இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்களுக்காகவுந்தான்," என்றாள். "ரெண்டு பேருக்கும் புடிச்சது கெடச்சிருச்சுல்ல?"

ஆக, அவள் எனக்கு நடுத்துண்டை வைக்கவில்லை. நடுத்துண்டு எது என்று அவள் அறிந்திருந்தாள், நான் அறிந்திருக்கவில்லை. அவள் விட்டுக்கொடுத்தாள் என்று எண்ணியிருந்தபோது எனக்கு இருந்த வருத்தம், அவள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று தெரிந்தபோது பெரிதாயிற்று.

அடுத்த ஞாயிறு மழை தூறிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கு இருந்த அதிகாரம் ஒன்றே ஒன்றுதான். நேரம் முடிய இன்னும் கணிசமாக இருக்கும்போதே, "போதும்," என்றேன்.

கண்கள் திறந்தன. எவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சோம்பல் முறித்து, பாய்களைச் சுருட்டி, குடைகளைத் தேடினார்கள். என் மனைவி மட்டும் சிறிது நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்தாள். மணிக்கூட்டுக் கோபுரத்தருகே உள்ள பஸ் நிறுத்தம் வரை ஒரே குடைக்குள் நடந்து வந்தோம். அங்கே சீமெந்து ஆசனத்தில் இடம் இருந்தது. அவள் அமர்ந்து, சேலையைச் சரிசெய்து, "கொஞ்சம் மிச்சம் இருக்கு," என்று சொல்லிக் கண்ணை மூடினாள். கை முந்தானைக்குள் போயிற்று.

ஞாயிறு மாலைகளில் பிலிமத்தலாவைப் பக்கம் போகும் பஸ் அரிது. ஒன்றை விட்டால் மற்றொன்று வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அன்று நாங்கள் அமர்ந்த சற்று நேரத்தில் பஸ் வந்தது. நடத்துனர் படியில் தொங்கியபடி ஊர்ப் பெயர்களை அடுக்கிக் கத்தினார். சனம் முண்டியடித்து ஏறிற்று. அவளைத் தட்டி எழுப்பக் கையை நீட்டினேன். அன்று ஏற்கெனவே ஒருமுறை அவளை இழுத்து வெளியே கொண்டுவந்தவன் நான். கை பாதியில் நின்றது. இரக்கத்தால் நின்றது என்று சொல்ல எனக்கு ஆசைதான். உண்மையில், தட்டினால் அவள் எழுந்து வருவாளா, வராமலே இருந்துவிடுவாளா என்று அறிய எனக்குப் பயமாக இருந்தது. பஸ் புறப்பட்டது, புகையைக் கக்கிக்கொண்டு திரும்பியது, மறைந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு, அவள்மீது தூறல் படாமல் நின்றேன்.

வெகுநேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். "பஸ் வந்துச்சா?"

"இன்னும் வரல்ல."

"பொய் சொல்லாதீங்க. வந்து போயிருச்சு. கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துனாரே. ஏறுறப்ப ஒரு பச்சப்புள்ள வேற அழுதுச்சு. நீங்க அப்ப செருப்ப தரையில தேய்ச்சுக்கிட்டே நின்னீங்க."

என் செருப்புகளைக் குனிந்து பார்த்தேன். "உனக்கு எல்லாம் கேட்டுச்சா?"

"கேக்காம? காதுக்கு என்ன மூடியா இருக்கு?"

"வகுப்புலயும் கேக்குமா?"

"எல்லாந்தான் கேக்கும். நீங்க இருமுறது, பெருமூச்சு விடுறது, கடியாரத்தப் பாக்கத் திரும்புறப்ப கழுத்து நெட்டி முறியுறது. இன்னைக்கு 'போதும்'னு சொன்னப்ப உங்க கொரல் வேற மாதிரி இருந்துச்சு. அதுவும் கேட்டுச்சு."

"அப்ப... நீ எங்கயும் போறதில்லையா?"

"எங்க போறது?" என்று அவள் வியப்போடு கேட்டாள். "உங்க முன்னாலதானே உக்காந்திருக்கேன்."

இத்தனை காலமும் ஒரு மூடிய கதவின்மீது நான் பொறாமை கொண்டிருந்தேன். கதவே இல்லை. நான் வெளியே அமர்ந்திருந்ததாக நினைத்த படியும் இல்லை. அவள் எல்லாவற்றையும், என்னையும் சேர்த்து, கேட்டுக்கொண்டே அமைதியாக இருந்திருக்கிறாள். இது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால், எங்கோ ஓடிப்போய் அமைதி அடைபவளைப் பற்றியாவது குறை சொல்லலாம். என் இருமலின் நடுவே, என் பெருமூச்சின் நடுவே, என்னோடு வாழும் வாழ்க்கையின் நடுவே அமர்ந்து அமைதியாக இருப்பவளை என்ன சொல்வது? என்னையே தினமும் கேட்டுக்கொண்டிருக்கும் நானோ ஒரு நாளும் அவ்வாறு இருந்ததில்லை.

"அடுத்த பஸ் எப்பங்க?"

"ஒரு மணி நேரமாவது ஆகும்."

"அப்ப நீங்களும் இப்படி உக்காருங்க," என்று நகர்ந்து இடம் விட்டாள். "இங்க நீங்க மாஸ்டர் இல்லையே. கண்ண மூடிக்கலாம்."

இடம் போதுமானதாக இருந்தது. நான் அமரவில்லை. பஸ் வருகிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமே என்றேன். அவள் வற்புறுத்தவில்லை, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் செருப்பை அசைக்காமல், மூச்சையும் கூடியவரை சத்தமில்லாமல் விட்டபடி, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.